கொழும்புக்குப் பறந்து, இன்று பெயர் மட்டும் மிஞ்சிய இலங்கை விமான நிறுவனங்கள்

ராயபுரம், மண்ணடி பகுதிகளில் கொழும்போடு வியாபாரத் தொடர்பும் சம்பந்த உறவும் கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெயர் 'ஏர் சிலோன்'. அந்நிறுவனம் இப்போது இல்லை.

ஏர் சிலோன் (1947–1979)

இலங்கை அரசின் முதல் விமான நிறுவனம். 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் புறப்பட்ட டகோட்டா விமானம், யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி வழியாகச் சென்னை வந்தது. ஆக, அதன் முதல் பயணமே நம் ஊருக்குத்தான். பின்னர் வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டில் லண்டன் வரை பறந்தது. நஷ்டமும் நிர்வாகக் குளறுபடியும் அதை முடித்து வைத்தன.

ஏர் லங்கா (1979–1990களின் இறுதி)

1979 செப்டம்பர் 1 அன்று சேவையைத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் இதை விடவில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று, இதன் கொழும்பு விமானத்தைக் குறிவைத்த வெடிகுண்டுப் பெட்டி மீனம்பாக்கத்திலேயே வெடித்து, சுமார் 30 பேர் இறந்தனர். 1986 மே 3 அன்று கட்டுநாயக்காவில் நின்ற விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கியதை அடுத்து 'ஸ்ரீலங்கன்' எனப் பெயர் மாறியது.

லயன் ஏர்

போர்க்காலத்தில் தரைவழி அடைபட்டபோது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த தனியார் நிறுவனம். 1998 செப்டம்பர் 29 அன்று இதன் விமானம் மன்னார் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

மிஹின் லங்கா (2007–2016)

அரசின் குறைந்த கட்டண நிறுவனம். மதுரைக்கும் சேவை நடத்தியது. 2008இல் பணமின்றி நின்று, 2009இல் மீண்டும் பறந்தது. கடன் சுமையால் 2016 அக்டோபரில் ஸ்ரீலங்கனோடு சேர்க்கப்பட்டது.

1947இல் திறந்த சென்னை–பலாலி வழி, போரால் பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்து, 2019 நவம்பரில் மீண்டும் திறந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. அக்கரையில் நடந்த திருமணங்களுக்கும் ஜனாஸாக்களுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஏர் சிலோன் பயணச்சீட்டு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அது உங்கள் குடும்ப வரலாறு.