கொச்சியில் துயில்வோர்



இடுகாடு, சுடுகாடு, புறங்காடு என்று தமிழில் வழங்கும் சொற்கள் மூன்றிலும் 'காடு' நிற்றலைக் காணலாம். இறந்தோர்க்குரிய இடம் ஊருக்கு வெளியே, குடியிருப்பு முடியும் எல்லையில் இருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. ஐரோப்பியரிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கமோ இதற்கு மாறானது. செல்வரும் உயர் அலுவலரும் தேவாலயத்தின் தளத்திற்குக் கீழேயே அடக்கம் பெற்றனர். ஏனையோர்க்கு அதனை ஒட்டிய முற்றம் கிடைத்தது. வழிபாடு நிகழும் பீடத்திற்கு எத்துணை அண்மையோ அத்துணை நன்று என்று கருதினர். கடல் கடந்து வந்தபோது இவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

வைட்டிலாவிலிருந்து தோப்பும்படி வழியாகக் கோட்டைக் கொச்சிக்குச் செல்வோர் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைக் காணாது திரும்புவதில்லை. 1524-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா இங்கேதான் புதைக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றனர். வெறுங்குழியைக் காண்பதற்கே இன்றும் கூட்டம் திரள்கின்றது! ஆனால் அத்தேவாலயத்தில் ஊன்றி நோக்கத் தக்கவை சுவர்களே. தளத்தில் பதிந்திருந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்து, போர்ச்சுகீசியருடையவற்றை வடசுவரிலும் ஒல்லாந்தருடையவற்றைத் தென்சுவரிலும் பதித்து வைத்துள்ளனர். வாழ்ந்த நாளில் ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்ட இரு சாராரும் இப்போது எதிரெதிராக அமைதியாய் நிற்கின்றனர்.

ஒல்லாந்தர் 1663-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1724-ஆம் ஆண்டில் கடற்கரையை அடுத்து அவர்களது கல்லறைத் தோட்டம் ஏற்பட்டது. செம்புரைக் கல்லால் கட்டிச் சுதை பூசிய 104 கல்லறைகள் அங்கு உள்ளன. எழுத்துகள் பழைய ஒல்லாந்த மொழியில் உள்ளவை. உப்புக் காற்று அவற்றுட் பலவற்றை அரித்துவிட்டது. 1795-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நகரை வென்ற பின்னரும் இங்கு அடக்கம் தொடர்ந்து நடைபெற்று, 1913-ஆம் ஆண்டோடு நின்றது. இப்பொழுது தென்னிந்தியத் திருச்சபை இதனைக் காத்து வருகின்றது.

இந்தியாவிலேயே மிகப் பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் இதுவே என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. 1659-ஆம் ஆண்டில் இறந்த ஆங்கிலேய வணிகர் ஒருவரின் கல்லறை மாடம் சூரத்தில் நிற்கின்றது. நம் பழவேற்காட்டிலோ, 1613-ஆம் ஆண்டில் எழுந்த கெல்ட்ரியாக் கோட்டைக்கு அருகே, பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கல்லறைகளே உள்ளன. அதன் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டு உருவங்களைச் சென்னையிலிருந்து ஒரு பகலில் சென்று பார்த்துவரலாம். கொச்சித் தோட்டத்தின் பெருமை அதன் பழமையில் இல்லை. தேவாலயத் தளத்தை விட்டு ஊரின் விளிம்புக்கு இறந்தோர் நகர்ந்த வரலாற்றின் ஒரு படியை அது காட்டுகின்றது. இதே வரலாற்றைக் கல்கத்தாவில் 1767-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் காணலாம். அன்று அது நகரின் புறத்தே இருந்தது. பாரிஸ் மாநகர் 1804-ஆம் ஆண்டில்தான் பெர் லாஷேஸ் என்னும் தோட்டத்தை அமைத்தது. லண்டன்வாசிகள் 1854-ஆம் ஆண்டு முதல் தம் இறந்தோரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புரூக்வுட்டுக்குத் தனி இரயில் வண்டியில் அனுப்பினர். அவ்வண்டியிலும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இருந்தன, சவப்பெட்டிகளுக்கும் அப்படியே!

தமிழர்க்கு இத்தோட்டத்தோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்தருகே தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. ஒல்லாந்தப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. அவ்வாறாயின், கல்லறையில் கிடப்போரும் கரையில் துணி அடித்தோரும் ஒரே கம்பெனியின் பொருட்டு இவ்வூர் சேர்ந்தவர்களாவர். உடுத்தவர்க்குக் கல்லறை எழும்பிற்று. வெளுத்தவர்க்குக் கல் நாட்டுவார் இலர்; எனினும் அவர்தம் மரபினர் இன்றும் இங்கே வாழ்கின்றனர். ஒல்லாந்தர் எவரும் எஞ்சவில்லை.

மட்டாஞ்சேரியின் யூதர் இடுகாட்டையும் இவ்விடத்துக் கூறல் தகும். 1568-ஆம் ஆண்டில் பரதேசி ஜெபாலயம் கட்டிய அச்சமூகத்தினர் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர்ப் பெரும்பாலும் அங்கே குடிபெயர்ந்துவிட்டனர். ஒரு சமூகத்திற்கே உரிய இடுகாடு, அச்சமூகம் போனபின் பூட்டிய தோட்டமாக நிற்பது இயல்பு.

அச்சமூகம் பல்லாயிரவராய் வாழும்போதே பூட்டு விழுவதும் உண்டு. மலங்கரைத் திருச்சபையின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய பிரிவினரிடையே நெடுநாள் நடந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2017-ஆம் ஆண்டில் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் சில பள்ளிகளின் கல்லறைத் தோட்டங்களில் மறுதரப்புக் குடும்பங்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்ய இயலாது தவித்தன. தாய் தந்தையர் கிடக்கும் குழிக்கு மகனின் உடலைக் கொண்டுசெல்ல வழியின்றிப் போவது எத்துணைக் கொடுமை! 2020-ஆம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமை எவர்க்கும் மறுக்கப்படலாகாது. இறுதிச் சடங்கைத் தாம் விரும்பும் குருவைக் கொண்டு வேறிடத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று அது விதித்தது.

எந்தப் பள்ளிக்கும் எந்தச் சாதிக்கும் உரியதல்லாத பொது மயானத்தின் அருமை இங்கேதான் விளங்கும். கொச்சி மாநகராட்சிக்குப் பச்சாளம், இரவிபுரம் முதலிய இடங்களில் அத்தகைய மயானங்கள் உண்டு. ஊரில் பரம்பரை மயானம் உடையோர்க்கு அவை ஒரு வசதி மட்டுமே. தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்து இங்கேயே கண்மூடியவர்க்கு அவையன்றி வேறிடம் எது? உடலை ஊருக்குக் கொண்டுசெல்வதற்கு வாடகை வண்டிக்குப் பணம் வேண்டும். இரவு முழுதும் உடன் வர ஆளும் வேண்டும்.

பிற மாநிலத்தில் வாழ்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, உடலை எங்குக் கொண்டுசென்றாலும் இறப்பைப் பதிவு செய்ய வேண்டியது இறந்த இடத்திலேயே. அதுவும் 21 நாள்களுக்குள். சொந்த ஊர்ப் பதிவகத்தில் அது ஏறாது. இதனை அறியாமல் சடங்கெல்லாம் முடித்துச் சான்றிதழுக்காகத் திரும்பவும் வண்டியேறி வருவோர் பலர். ஓய்வூதியம், காப்புறுதித் தொகை, வாரிசுச் சான்று யாவும் அந்த ஒரு தாளைச் சார்ந்தே நிற்கின்றன.

பிரான்சிஸ் தேவாலயத்தில் 1751-ஆம் ஆண்டு முதல் 1804-ஆம் ஆண்டு வரையிலான ஒல்லாந்தர் ஞானஸ்நானப் பதிவேடு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. கடற்கரைக் கற்களில் மறைந்துவிட்ட பெயர்களைத் தேடுவோர் அத்தாள்களைத்தான் நாடுகின்றனர்.