ஜிபிஎஸ் உயரத்தில் குப்பை தேடிய கதை

போன எபிசோட் கேட்டுட்டு, "ராடார் இருக்கும்போது விண்வெளிக் குப்பையைத் தேட டெலஸ்கோப் எதுக்கு?"னு சிலர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி.

ராடார் அலை போய்த் திரும்பி வரணும். தூரம் 20 மடங்கானா, திரும்பி வரும் சிக்னல் 1,60,000 மடங்கு குறைஞ்சுடும். டெலஸ்கோப்புக்கு அந்தச் சிக்கல் இல்ல. சூரியனே இலவசமா லைட் அடிக்குது. அங்கே இழப்பு 400 மடங்குதான். உங்க போனுக்கு வழி சொல்லும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் உடைஞ்ச துண்டைக் கீழே இழுத்துவரக் காற்றும் கிடையாது. அது சுத்திக்கிட்டே இருக்கும்.

இந்தத் தேடலில் முக்கியமான இடம், ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. அங்கே ஒரு மலையில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், ஐரோப்பிய விண்வெளி முகமையின் 1 மீட்டர் டெலஸ்கோப் இருக்கு. செயற்கைக்கோளோட லேசரில் பேசிப் பார்க்கக் கட்டினது அது! 2000-ஐ ஒட்டி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஷில்ட்க்னெக்ட் குழு அதை வெச்சுக் குப்பை தேடியது. முதல் இலக்கு டிவி செயற்கைக்கோள்கள் இருக்கும் 36,000 கிலோமீட்டர் உயரம்.

மங்கலான துண்டைப் பிடிக்க, டெலஸ்கோப்பையும் அதே வேகத்தில் நகர்த்தணும். அப்பதான் அதோட வெளிச்சம் ஒரே புள்ளியில் சேரும். நட்சத்திரங்கள் கோடா இழுபடும். அதாவது, இன்னும் பார்க்காத ஒன்றின் வேகத்தை முன்கூட்டியே ஊகிக்கணும். 36,000 கிலோமீட்டரில் அது ஓரளவு சுலபம். பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே பக்கமா, ஒரே வேகத்தில் போகும். ஜிபிஎஸ் உயரத்திலோ வேகம் இரண்டு மடங்கு. பாதைகளும் 55 டிகிரி சாய்ந்து, ஆறு வெவ்வேறு தளங்களில் குறுக்கும் நெடுக்குமா ஓடுது. ஊகம் தப்பினா துண்டும் கோடா இழுபட்டுக் காணாமப் போயிடும். படத்தில் எதுவும் இல்லைன்னா, வானம் காலின்னு அர்த்தம் இல்ல.

2004 வாக்கில் வந்தது அதிர்ச்சி. டெனெரிஃப்பில் சிக்கிய சில மங்கலான பொருட்களைத் தொடர்ந்து கவனிச்சுக் கணக்குப் போட்டாங்க. சுற்றிவர ஒரு நாள்தான். ஆனா பாதை வட்டமா இல்ல, முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. சில பாதைகள் பூமியை நெருங்கும்போது ஜிபிஎஸ் உயரத்துக்கும் கீழே இறங்கின. அவை ஜெராக்ஸ் பேப்பர் மாதிரி லேசான பொருட்கள். பெரும்பாலும் செயற்கைக்கோளைச் சுற்றியிருக்கும் பளபளப்பான வெப்பக் காப்புத் தாள்களாக இருக்கலாம்னு கருதினாங்க. சூரிய ஒளியே தள்ளித் தள்ளிப் பாதையை நீட்டியிருக்கு. அதனால சில வாரம் பார்க்காம விட்டா, கணக்கு சொன்ன இடத்தில் அவை இருக்காது. மறுபடி முதல்லேருந்து தேடணும்.