பங்கும் பழியும்: ஹோமரின் வீரர்களும் விதியும்

எல்லாம் விதி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. யார் செய்தார், யார் தடுத்திருக்கலாம், யார் சொன்ன புத்தி கேட்கப்படவில்லை என்ற கேள்விகளுக்கு அதன் பிறகு இடமில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த எம்மவர் மத்தியில் இந்தச் சொல்லுக்குள்ள செல்வாக்கை நாம் அறிவோம். ஹோமரின் இலியட்டையும் விதியின் காவியம் என்றே பலர் சொல்வார்கள். ஆனால் அதனை ஊன்றிப் படிக்கும்போது, விதி அங்கு பேச்சை முடித்துவைக்கும் சொல்லாக இல்லை என்பது தெரியவரும்.

இலியட் கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தலைமுறை தலைமுறையாகப் பாணர்கள் வாய்மொழியாகப் பாடிவந்த மரபிலிருந்து எழுந்த காவியம் அது. 24 காண்டங்களும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்டது. ட்ரோய் நகர முற்றுகையின் பத்தாவது வருடத்தில் நிகழும் சில வாரங்கள் மட்டுமே அதன் கதை. கிரேக்கப் பெருவீரன் அகிலிஸின் கோபத்தில் தொடங்கி, ட்ரோய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிறது. மரக்குதிரையும், நகரம் எரிவதும், அகிலிஸின் சாவும் அதற்குள் வருவதில்லை.

விதிக்கு ஹோமர் கையாளும் முக்கியமான சொல் 'மொய்ரா'. அதன் அடிப்படைப் பொருள் பங்கு. விருந்தில் ஆளாளுக்குப் பகிரப்படும் இறைச்சியும் ஹோமரிடம் மொய்ராதான், மனிதனுக்கு அளந்து விடப்பட்ட ஆயுளும் மொய்ராதான். பழந்தமிழில் 'பால்' என்ற சொல்லும் பகுதியையும் ஊழையும் ஒருங்கே குறித்தது. நாம் வேலை செய்யும் உணவகச் சமையலறைகளில் துருக்கியத் தோழர்கள் பெருமூச்சோடு சொல்கிற 'கிஸ்மெத்' கூட, பங்கிடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. தட்டில் எவ்வளவு விழும் என்பது உண்பவன் கையில் இல்லை. விழுந்ததை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பது வேறு விடயம். ஹோமர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்லை.

அகிலிஸுக்கு முன்னால் இரண்டு விதிகள் இருந்ததாக ஒன்பதாம் காண்டம் சொல்கிறது. ட்ரோயில் நின்று போரிட்டால் இளவயதில் சாவும் அழியாப் புகழும். ஊர் திரும்பினால் புகழில்லாத நீண்ட ஆயுள். அகமெம்னோன் மன்னன் மீதான கோபத்தில் ஒதுங்கியிருந்தபோது அவன் ஊருக்குப் போகவே யோசிக்கிறான். பின்னர் நண்பன் பற்றோக்ளஸ் ஹெக்டரின் கையால் மாண்டபோது, ஹெக்டரைக் கொன்றால் அடுத்தது உன் சாவுதான் என்று தாய் தெற்றிஸ் எச்சரித்த பின்பும் களத்துக்குப் போகிறான். விலையை அறிந்தே போகிறான்.

பழியை விதியின் மேல் போடுபவனும் இலியட்டில் உண்டு. அகிலிஸுக்குப் போர்ப்பங்காகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணை அகமெம்னோன் பறித்ததே அந்தக் கோபத்தின் காரணம். அந்த அடிமைப் பெண்ணின் பங்கு என்னவென்று அப்போது யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் காண்டத்தில் சபை கூடும்போது, குற்றம் என்னுடையதல்ல, சியூஸும் மொய்ராவும் என் அறிவை மயக்கிவிட்டார்கள் என்கிறான் மன்னன். ஆனால் அதே பேச்சில் ஏராளமான நட்டஈடு தருவதாகவும் சொல்கிறான். தெய்வமே மயக்கியிருந்தாலும் கணக்கைத் தீர்க்கவேண்டியவன் செய்தவன்தான்.

ஹெக்டர் இதற்கு நேர்மாறானவன். தந்தையையும் ஏழு சகோதரரையும் அகிலிஸிடம் பறிகொடுத்த அவன் மனைவி அன்ட்றொமக்கி, மதிலை விட்டு வெளியே போகாதே என்று மன்றாடுகிறாள். ட்ரோய் ஒருநாள் வீழும் என்று தன் மனதுக்குத் தெரியும் என்கிறான். ஆனாலும் பின்வாங்க வெட்கப்படுகிறான். பதினெட்டாம் காண்டத்தில், அகிலிஸ் திரும்பிவிட்டான், இரவோடிரவாகப் படையை மதிலுக்குள் கொண்டுபோவோம் என்று பொலிடமஸ் சொல்கிறான். ஹெக்டர் மறுக்கிறான். கூடியிருந்தவர்கள் ஹெக்டருக்கே ஆரவாரம் செய்கிறார்கள். மறுநாள் ட்ரோய்ப்படை ஆற்றங்கரையில் கொத்துக்கொத்தாக மடிகிறது.

எஞ்சியவர்கள் நகருக்குள் ஓடிவிட, ஹெக்டர் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். தாயும் தகப்பனும் மதில் மேலிருந்து அழுது கூப்பிடுகிறார்கள். அந்த வேளையில் அவன் மனம் விதியைத் தேடவில்லை. என் மூர்க்கத்தினால் என் சனத்தை அழித்துவிட்டேன், பொலிடமஸ் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும் என்றே எண்ணுகிறான். மொய்ரா வந்துவிட்டது என்று அவன் சொல்வது அதன் பிறகுதான், தன் சாவைப் பற்றி மட்டும்தான். சனத்தின் அழிவுக்கு அவன் அந்தச் சொல்லைக் கையாளவில்லை. அவனுடைய அவலம் இங்குதான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஒடிசியின் தொடக்கத்தில் சியூஸ், மனிதர்கள் தம் மூர்க்கத்தினாலேயே பங்குக்கு மேலான துன்பத்தைத் தேடிக்கொண்டு தெய்வங்களைக் குறைசொல்கிறார்கள் என்று முறையிடுவதும் இதையே.

சியூஸுக்கும் விலக்கில்லை. தன் மகன் சார்பெடோனைக் காப்பாற்ற அவன் தயங்கி நிற்கும்போது, மற்றத் தெய்வங்களும் தத்தம் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பிவிடும் என்று ஹீரா தடுக்கிறாள். மகனின் உடலுக்குச் சொந்த ஊரில் நல்லடக்கம் கிடைக்கச் செய்வதே அவனால் முடிந்தது. அதனை இறந்தவருக்குரிய 'கெரஸ்' என்கிறார் ஹோமர். கெரஸ் என்றால் மதிப்பின் அடையாளமான பங்கு. அகமெம்னோன் அகிலிஸிடமிருந்து பறித்ததும் இதே சொல்லால்தான் குறிக்கப்படுகிறது. உயிரோடிருப்பவர்கள் தம் பங்குக்காகப் பிடித்த சண்டையில் தொடங்கும் காவியம், எதிரியின் பிணத்துக்கு அதன் பங்கைக் கொடுப்பதில் முடிகிறது.

கடைசிக் காண்டத்தில் முதியவன் பிரியாம், மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். இருவரும் அழுகிறார்கள்: ஒருவன் ஹெக்டருக்காக, மற்றவன் தன் தகப்பனுக்காகவும் பற்றோக்ளஸுக்காகவும். பிறகு அகிலிஸ் ஆடொன்றை அறுத்து, தன் கையாலேயே இறைச்சியைப் பகிர்ந்து கொடுக்கிறான். சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அதுவரை போரை நிறுத்துவதாக வாக்களிக்கிறான். பன்னிரண்டாம் நாள், வேண்டுமானால், போரிடுவோம் என்கிறான் பிரியாம்.

1940இல் ஜெர்மனியரிடம் பாரிஸ் வீழ்ந்த பின் தெற்கே மார்செய் நகரில் ஒதுங்கியிருந்த யூதப் பெண் சிமோன் வெய்ல், இலியட் பற்றிய தன் கட்டுரையை ஒரு புனைபெயரில் அங்கு வெளியிட்டார். மனிதரைச் சடப்பொருளாக்கும் பலாத்காரமே அக்காவியத்தின் உண்மையான நாயகன் என்பது அவர் வாதம். ஹோமர் கிரேக்கரா ட்ரோயரா என்பதே தெரியாத அளவுக்கு இருபக்கத்துத் துயரமும் சமமாகச் சொல்லப்படுவதை அவர் வியந்தார். 1943இல் இங்கிலாந்தில், 34 வயதில், அவர் இறந்தார்.

எமக்கும் அளந்து விடப்பட்டது ஒன்று உண்டு. அதை மாற்ற முடியாது. ஆனால் ஹெக்டர் மதிலுக்கு வெளியே நின்று தன்னைக் கேட்ட கேள்வியை நாமும் கேட்டே ஆகவேண்டும். பொலிடமஸ் பேசியபோது ஆரவாரம் செய்தவர்களில் நாமும் இருந்தோமா என்பதும் அதில் அடங்கும். இறந்தவர்களின் பங்கை, அவர்கள் எந்தப் பக்கத்தவராயினும், கொடுத்து முடிக்கவேண்டியதும் எம்மிடம் மிச்சமிருக்கிறது.