மான் யாருடையது?

காட்டில் திரியும் மானுக்கு உடைமையாளர் எவர்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஒவ்வொரு சமுதாயமும் தன் அமைப்புக்கேற்பவே விடையளித்து வந்துள்ளது. நோர்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பரந்த வனங்கள் மன்னனின் வேட்டைக்களங்களாயின. மானைக் கொன்ற குடியானவனின் கண்கள் பறிக்கப்பட்டன. மானின் பொருட்டு எவரும் உயிரோ உறுப்போ இழத்தலாகாது என்று 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் விதித்தது. ஆயினும், முகத்திற் கரிபூசி மான் திருடச் செல்வோருக்கு மரணதண்டனை என 1723இல் நிலவுடைமையாளரின் பாராளுமன்றம் மீண்டும் சட்டமியற்றியது.

ஐக்கிய அமெரிக்கா இம்மரபினின்று விலகிச் சென்றது. வனவிலங்கு மக்கள் அனைவரதும் சொத்து, மாநில அரசு அவர்கள் சார்பில் அதனைக் காக்கும் பொறுப்பாளியே என்னும் கோட்பாட்டை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1896இல் உறுதிப்படுத்தியது. இது முற்போக்கான கோட்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், 'மக்கள்' எனப்பட்டோர் எவர்? அதே ஆண்டில் அதே நீதிமன்றம், 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை பனொக் பழங்குடியினருக்கு அளித்திருந்த வேட்டையுரிமை, வயோமிங் ஒரு மாநிலமானதும் அற்றுப்போயிற்று என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயத்தை அந்நீதிமன்றம் முறைப்படி கைவிட்டது 2019இலேதான்.

அங்கு மான்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது பசித்தவனின் வேட்டையன்று. தோலுக்கும் இறைச்சிக்கும் விலை வைத்த சந்தையே. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதை 1900ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான தீர்வையை வனவிலங்குப் பணிக்கென 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. மான்கள் மீண்டும் பெருகின. எனினும், அனுமதிப்பத்திரக் கட்டணத்திலும் இத்தீர்வையிலும் தங்கியிருக்கும் திணைக்களங்கள், வேட்டைக்காரர் குறையுந்தோறும் வருவாயை இழக்கின்றன.

இவ்வமைப்பைச் சோதிக்க ஒரு நோய் வந்தது. 1967இல் கொலராடோவின் ஆராய்ச்சி நிலையமொன்றில் அடைபட்டிருந்த மான்கள் மெலிந்து மடிந்தன. உருத்திரிந்த புரதமே இதன் காரணம். அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். அதற்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. வேலியிட்ட பண்ணைகளும் விலங்கு வாணிபமும் இந்நோய்க்கு வழி திறந்தன: 1996இல் கனடாவின் பண்ணையொன்றில் அது கண்டறியப்பட்டது, 2001இல், கனடாவிலிருந்து இறக்குமதியான விலங்குகளோடு கடல்கடந்து தென்கொரியாவிலும் வெளிப்பட்டது. 2002இல் விஸ்கொன்சினிற் காட்டு மான்களிடம் காணப்பட்டபோது, நோய்ப்பிரதேச மான்களை முற்றாகக் கொன்றொழிக்க அம்மாநிலம் முயன்றது. நிலவுடைமையாளர் பலர் எதிர்த்தனர். சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நோயுற்ற மான் நெடுங்காலம் நலமுடையது போலவே தோன்றும். ஆதலின், வேட்டைக்காரர் ஒப்படைக்கும் மான் தலைகளின் நிணநீர்க் கணுக்களைச் சோதிப்பதே நோயின் பரவலை அறியும் முக்கிய வழியாகவுள்ளது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணலாகாது என்பதே சுகாதார அதிகாரிகளின் அறிவுரை. மான் இறைச்சியாற் குடும்பத்தின் உணவுச் செலவைக் குறைக்கும் உழைப்பாளிக்கு, சோதனை முடிவு விரைவாகவும் இலவசமாகவும் கிடைப்பது வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

பண்ணையின் இலாபம் தனியாருக்கும் நோயின் சுமை பொதுமக்களுக்கும் என்றிருக்குமாயின், மான் மக்களின் சொத்து என்ற 1896ஆம் ஆண்டுக் கோட்பாடு ஏட்டளவிலேயே நின்றுவிடும். அதற்கு உயிரளிக்க வேண்டுமெனில், பண்ணை வேலிக்குள்ளும் பொதுநலனின் அதிகாரம் நுழைய வேண்டும் என்பதே நாம் காணும் முடிவு.