ஏரிக்கு ஏற்கெனவே பெயர் உண்டு

நம்முடைய பழைய புலவர்களுக்கு வெறும் மலை என்று ஒன்று கிடையாது. குறிஞ்சி என்று சொன்னால் மலை மட்டுமா வருகிறது? முருகன் வருகிறான்; தினைப்புனம் வருகிறது; வேங்கை மரமும் யானையும் வருகின்றன; கூடவே குறவனும் குறத்தியும் வந்துவிடுகிறார்கள். ஆளில்லாத மலையைப் பாட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நவீன காலத்து மனிதன் மலைக்குப் போகிற நோக்கமே வேறு. மனிதர்களின் முகத்தில் விழிக்காமல் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போகிறான். 'மனிதன் கை படாத இயற்கை' என்பது அவனுக்கு ஒரு மந்திரம். அந்த மந்திரம் எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து யோசெமிட்டி தேசியப் பூங்காவின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவே ஏழு மைல் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கு. ஆதியில் பனியாறுகள் அரைத்துச் செதுக்கிய இடம். எல் காபிடான் என்ற பாறை தரையிலிருந்து மூவாயிரம் அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. யோசெமிட்டி அருவி மூன்று கட்டங்களாக 2,425 அடி விழுகிறது. வெர்னல் அருவியின் பக்கமாகக் கல்படிகளில் ஏறுகிறவர்கள் வசந்த காலத்தில் சாரலில் தொப்பலாக நனைந்துதான் மேலே போய்ச் சேருகிறார்கள். நனைந்ததைப் பற்றி ஒருவரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

இத்தனை அழகும் வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒரு படையெடுப்பின் மூலம். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு வருஷமே பேராசை பிடித்த கூட்டம் மலையடிவாரமெங்கும் வந்து நிறைந்தது. அங்கே காலங்காலமாக இருந்த பழங்குடிகளுக்கும் வந்தவர்களுக்கும் சண்டை மூண்டது. 1851 மார்ச் மாதக் கடைசியில் மாரிப்போசா பட்டாளம் என்ற தொண்டர் படை, பழங்குடிகளைப் பிடித்துக் கீழே கொண்டுபோவதற்காகப் பள்ளத்தாக்கினுள் நுழைந்தது.

அங்கே வாழ்ந்தவர்கள் அவானீச்சி மக்கள். பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அவானீ. வாய் பிளந்தாற் போன்ற இடம் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. அவர்களுடைய தலைவர் தெனாயா. அந்த வருஷம் மே மாதம் படை மறுபடியும் வந்தபோது, தெனாயாவின் கடைசி மகன் தப்பியோட முயன்று சுடப்பட்டு இறந்தான். பெற்ற தகப்பன் அந்த உடலைப் பார்க்க நேர்ந்தது. கிழவரையும் சிறைப்பிடித்துக்கொண்டு, எஞ்சிய ஜனங்களைத் தேடிப் படை மேலே ஏறியது. உச்சியில் ஓர் ஏரிக்கரையில் அவர்களும் அகப்பட்டார்கள்.

அந்தப் படையில் லஃபாயெட் பனெல் என்றொரு வாலிபர் இருந்தார். கல் மனசுக்காரர் அல்ல. பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்துக் கண் கலங்கியவர். பிற்காலத்தில் இதையெல்லாம் புத்தகமாக எழுதிவைத்தவரும் அவரே. அவருக்கு ஒரு பெருந்தன்மை தோன்றியது: அந்த ஏரிக்குத் தெனாயாவின் பெயரையே வைத்துவிடுவது என்று. கிழவரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். தெனாயா மகிழ்ந்துபோகவில்லை. ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றார். 'பைவீயக்', ஒளிரும் பாறைகளின் ஏரி. உன் ஜனங்களை இந்தக் கரையில்தானே கண்டுபிடித்தோம், இனி அவர்கள் இங்கே வாழ வரப்போவதில்லை, அதனால்தான் உன் பெயரை வைக்கிறோம் என்று பனெல் விளக்கினார். கிழவரின் முகம் வாடிவிட்டது.

பிடுங்கிக்கொண்ட பொருளுக்குப் பறிகொடுத்தவன் பெயரையே சூட்டி, அதை மரியாதை என்று நினைப்பது விசித்திரம் அல்லவா? பள்ளத்தாக்குக்கு யோசெமிட்டி என்று பெயர் வைக்கச் சொன்னவரும் பனெல்தான். அதற்குக் கரடி என்று பொருள் என நினைத்திருந்தார். பின்னால் மொழி அறிந்தவர்கள் ஆராய்ந்தபோது, 'அவர்கள் கொலைகாரர்கள்' என்ற பொருள் வெளிப்பட்டது. அக்கம்பக்கத்துக் கூட்டத்தார் அவானீச்சி மக்களைப் பயந்து குறிப்பிட்ட சொல் அது.

1853-ல் தெனாயா இறந்தார். இரண்டே வருஷத்தில், 1855-ல், ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் என்ற பத்திரிகைக்காரர் முதல் உல்லாசப் பிரயாணிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். படையில் போய்வந்தவர்களுக்கே வழி மறந்துபோயிருந்தது. கடைசியில் பழங்குடி ஆட்கள் இருவரை அமர்த்திக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார். 1864 ஜூன் 30-ம் தேதி, உள்நாட்டுப் போரின் நடுவே, ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டு, பள்ளத்தாக்கையும் மாரிப்போசாவின் ராட்சத செக்வோயா மரத் தோப்பையும் என்றென்றைக்கும் பொதுமக்களுக்காக ஒதுக்கினார். உயர்ந்த காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் தெனாயாவின் ஜனங்கள் அடங்கவில்லை.

பிறகு 1868-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மியூர் வந்தார். மறு கோடையில் ஆட்டு மந்தையோடு மலையெல்லாம் திரிந்தவர், பின்னாளில் அதே ஆட்டு மந்தைகளிடமிருந்து மலையைக் காக்க எழுதினார், வாதாடினார். 1890-ல் தேசியப் பூங்கா பிறந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தாம் காதலித்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913-ல் சட்டம் வந்தபோது மனமுடைந்தார். மறு வருஷம் காலமானார். அந்த இழப்பை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய இளமைக்கால எழுத்தில் பழங்குடிகளைப் பற்றி இளக்காரமான வாக்கியங்கள் உண்டு. மலையில் அவர் கண்டது கடவுளின் கைவேலையை மட்டுமே. மனிதர்களின் கைவேலையும் அதில் இருந்தது அவர் கண்ணுக்குப் படவில்லை.

என்ன கைவேலை? அவானீச்சி மக்களின் சோறு, கருப்பு ஓக் மரத்தின் கொட்டை. இடித்து மாவாக்கி, நீர் விட்டுக் கசப்பைப் போக்கி, கூடைகளில் சுட்ட கற்களைப் போட்டுக் கூழாகக் காய்ச்சுவார்கள். அந்த மரத்துக்கு வெளிச்சம் வேண்டும். அதற்காக அவர்கள் காலம் பார்த்துப் புதரைக் கொளுத்தி வந்தார்கள். முதல் பிரயாணிகள் வியந்த விசாலமான புல்வெளிகளும் இடைவெளி விட்டு நின்ற மரங்களும் பெரும்பாலும் அந்த நெருப்பு காத்த தோட்டமே. தோட்டக்காரனை விரட்டிவிட்டு, தோட்டத்தை வனம் என்று கும்பிட்டார்கள்.

நெருப்பு நின்றதும் ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்தன, புல்வெளி சுருங்கியது. 1929-ல் தோத்துயா என்ற மூதாட்டி பள்ளத்தாக்குக்கு வந்தார். தெனாயாவின் பேத்தி. 1851-ல் சிறுமியாகத் துரத்தப்பட்டவர். உலகமே புகழும் காட்சியைப் பார்த்து அவர் சொன்னது, இடம் அழுக்காகப் புதர் மண்டிக் கிடக்கிறது என்பதுதான்! சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்மணி வேறென்ன சொல்வாள்? செக்வோயாவின் விதை முளைப்பதற்கே நெருப்பு துணை என்பதை விஞ்ஞானிகளும் பிறகு கண்டார்கள். 1970 முதல் பூங்கா அதிகாரிகளே அளவோடு தீ வைக்கத் தொடங்கினார்கள். 2022-ல் மாரிப்போசா தோப்பைக் காட்டுத்தீ நெருங்கியபோது, முன்பே அப்படிப் புதர் எரிக்கப்பட்டிருந்ததும் தோப்பு பிழைக்க ஒரு காரணமாயிற்று.

பள்ளத்தாக்கில் கூலி வேலை செய்துகொண்டு தங்கியிருந்த சந்ததியாரின் கடைசிக் குடியிருப்பு 1969-ல் அழிக்கப்பட்டது. 2018-ல், அதே இடத்தில் தங்கள் சடங்குகளுக்கான வட்ட வீட்டை எழுப்பிக்கொள்ள அவர்களுக்கு உடன்படிக்கை மூலம் உரிமை கிடைத்தது. நூற்றறுபத்தேழு வருஷம் கழித்து வந்த சிறு நியாயம்.

இன்றும் கோடையில் டியோகா சாலையில் போகிறவர்கள் அந்த ஏரிக்கரையில் இறங்கி, முதுகுப் பையை மாட்டிக்கொண்டு மேகங்களை எட்டும் சிகரங்களுக்கு நடக்கிறார்கள். பெயர்ப்பலகையில் 'தெனாயா ஏரி' என்றே இருக்கிறது. தண்ணீரைச் சுற்றிலும் பனியாறு வழவழப்பாக்கிய பாறைகள் வெயிலில் பளபளக்கின்றன. பழைய பெயர் எத்தனை பொருத்தமானது என்று அப்போது புரியும். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு நடந்தால் கால் வலி ஒன்றும் அதிகமாகிவிடாது.