திடத் தளத்தில் பிரிந்த உயிரிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர்கள் அவற்றைப் பெரும்பாலும் இறைச்சிச் சாறு போன்ற நீர்மங்களிலேயே வளர்த்தனர். குடுவைக்குள் ஒரு வகையோடு இன்னொரு வகை புகுந்துவிட்டால் இரண்டும் கலந்தே பெருகியதால், எந்த நோய்க்கு எந்த உயிரி காரணம் என்பதை ஐயமற நிறுவ இயலவில்லை. 1878இல் ஜோசப் லிஸ்டர், புளித்த பாலை ஒரு துளியில் சராசரியாக ஒரு செல்லுக்கு மேல் இராத அளவுக்கு நீர்க்கச் செய்து, பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். நுட்பமான வேலைதான், ஆயினும் கலவையில் எண்ணிக்கையால் மிகுந்திருக்கும் உயிரியே இவ்வழியில் கைக்குச் சிக்கும், அருகியிருப்பது தப்பிவிடும்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஸ்லௌ நகரில் ஃபெர்டினாண்ட் கோனிடம் பணியாற்றிய யோசப் ஷ்ரோட்டர், உருளைக்கிழங்குத் துண்டுகளின்மேல் வெவ்வேறு நிறத்தில் தோன்றிய திட்டுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே வகை பாக்டீரியா இருப்பதைக் கண்டிருந்தார். ஒரு செல் மீண்டும் மீண்டும் பிளந்து கண்ணுக்குத் தெரியுமளவு திரண்ட இத்தகைய திட்டே காலனி எனப்படுகிறது. திடப்பரப்பில் செல் விழுந்த இடத்திலேயே நிற்கும், அதன் வழித்தோன்றல்களும் அங்கேயே குவியும் என்ற எளிய உண்மையை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் ராபர்ட் கோக். உருளைக்கிழங்கு ஒளிபுகாதது, நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு ஏற்ற உணவுமன்று என்பதால், அவர் ஊட்டச் சாற்றிலேயே ஜெலட்டினைக் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறையவைத்தார். 1881இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டின்போது பாஸ்டர் உள்ளிட்டோர் முன்னிலையில் இம்முறையைச் செய்து காட்டினார்.

ஜெலட்டினின் குறை விரைவில் வெளிப்பட்டது. மனித உடலில் வாழும் கிருமிகளுக்கு ஏற்ற 37 பாகை செல்சியசில் அது உருகிவிடும். சில பாக்டீரியாக்களோ அதைத் தம் நொதிகளால் நீராக்கிவிடும். காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்த சாக்சனி மருத்துவர் வால்டர் ஹெஸ் இத்தொல்லையில் உழன்றபோது, அவருடைய ஆய்வுப் படங்களை வரைந்துதந்த மனைவி ஃபேனி ஹெஸ், ஜெல்லியும் புட்டிங்கும் செய்யத் தாம் பயன்படுத்திய அகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சு அண்டைவீட்டார் மூலம் இளமையிலேயே அவர் அதை அறிந்திருந்தார். செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர் கொதிநிலையை நெருங்கும்போதே உருகும், ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே உறையும், பெரும்பாலான பாக்டீரியாக்களால் செரிக்கப்படாது. கோக் தம் 1882ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையில் இப்பொருளைப் போகிற போக்கில் குறிப்பிட்டாரேயன்றி ஹெஸ் தம்பதியரைப் பெயர் சுட்டவில்லை. அக்கட்டுரைக்கான கிருமியை அவர் முதன்மையாக வளர்த்ததோ உறையவைத்த இரத்தச் சீரத்தின்மேல்தான்.

1884இல் கோக்கின் உதவியாளர்களான காஃப்கி டைஃபாய்டு கிருமியையும் லொஃப்ளர் தொண்டை அடைப்பான் கிருமியையும் தூய வளர்ப்பாகப் பெற்றனர். 1887இல் ரிச்சர்ட் பெட்ரி, கண்ணாடி மணியால் மூடவேண்டிய தகட்டுக்குப் பதிலாக மூடியுடைய தட்டையான கிண்ணத்தை அறிமுகப்படுத்தினார். அகர்ப் பரப்பில் கம்பி வளையத்தால் மாதிரியைக் கோடு கோடாக இழுக்கும்போது செல்கள் படிப்படியாக அருகி, கடைசிக் கோடுகளில் தனித்தனிக் காலனிகள் எழுகின்றன. ஆயினும் சங்கிலியாகவோ கொத்தாகவோ ஒட்டியிருக்கும் செல்களும், ஒன்றோடொன்று நெருங்கி விழுந்த இருவகைச் செல்களும் ஒரே காலனிபோல் தோற்றமளிக்கக்கூடும் என்பதால், தனித்து நின்ற ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் மறுபடியும் கோடிட்டு, எல்லாக் காலனிகளும் ஒரே தோற்றம் கொண்ட பின்னும் கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் சரிபார்ப்பதே ஆய்வகங்களின் வழக்கம்.