புதிய கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் படலம்: நுரைச்சோலைக் கரையில் கவனிக்க வேண்டியவை

கடல்நீர் நிரப்பிய புதிய மீன்தொட்டியின் கண்ணாடி முதல் வாரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். விரலால் தொட்டால் வழுக்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அந்த மங்கல் கபில நிறமாகும். புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலை, கற்பிட்டிப் பக்கத்தில் அலங்கார மீன் பிடித்து, வாங்குபவர் வரும்வரை தொட்டியில் வைத்திருப்போருக்கும், ஆசைக்காக வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்போருக்கும் இது பொதுவான தலையிடி. (அக்கரைப்பற்றில் சுனாமி வீட்டுத்திட்டம் உள்ள நுரைச்சோலை வேறு.) தொட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி, மணல், கல், வடிகட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சவர்க்காரமோ குளோரினோ போட்டுக் கழுவுவோர் உண்டு. பிடித்து வந்த மீன் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

கடல்நீரில் எதை வைத்தாலும் சில மணி நேரத்துக்குள் சேதனப் பொருட்கள் அதன்மேல் மெல்லிதாக ஒட்டும். அதைப் பற்றிக்கொண்டு பக்டீரியா வரும். அதன்மேல் நுண்பாசிகள் வரும். தோணியின் அடியிலும் வலையின் மிதவையிலும் நடப்பது இதுவே. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் போன்ற, கடல்நீரால் குளிரூட்டும் நிலையங்களுக்கும் இந்தப் படலம் ஓயாத வேலை. 2011இல் முதல் அலகும் 2014இல் மூன்றாவது அலகும் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாட். குளிரூட்டும் குழாயின் உள்ளே மெல்லிய படலம் ஒட்டினாலும் வெப்பம் கடப்பது குறையும். அதனால் இத்தகைய நிலையங்கள் பொதுவாகக் குளோரின் சேர்த்துப் படலத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மீன்தொட்டியில் அதைச் செய்ய முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா வாழ்வது இதே படலத்தில்தான். கண்ணாடியை விட மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் அது அதிகம். புதிய தொட்டியில் அது நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் எடுக்கும். இடையில் எல்லாவற்றையும் கழுவினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மீன் மட்டும் அமோனியாவுக்குள் நிற்கும்.

நிறத்தைப் பார்த்தாலே பாதி விடயம் தெரிந்துவிடும். வெண்மையான மங்கல் பக்டீரியா, அதை விட்டுவிடலாம். துடைத்தால் தூளாகப் போகும் கபிலம் டயட்டம் என்னும் நுண்பாசி. அது தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டுகிறது. நீரிலுள்ள சிலிக்கா குறைந்ததும் தானாகக் குறையும். கருஞ்சிவப்பில் தோலைப்போல உரிந்து வந்து, மணமும் வீசினால் அது சயனோபக்டீரியா. தீனி அதிகம், நீரோட்டம் போதாது என்று அர்த்தம். பச்சை நிறம் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடியதற்கு அறிகுறி. தீனியைக் குறைத்து, விளக்கை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் பார்த்த பிறகும் பச்சை விடவில்லையென்றால், ஊற்றும் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்றுகிறோம். இங்கே பலருக்கு நன்னீர் என்றால் கிணறு. கற்பிட்டிக் குடாநாட்டின் நிலத்தடி நீர், மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படுகை. மேலே வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும். அவற்றுக்குப் போடும் பசளை மணலில் நிற்காமல் கீழே இறங்கும். இப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகமாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கிணற்றுநீர் ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகும். நைத்திரேற்றும் சிலிக்காவும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். சுத்தமான கூரையிலிருந்து, முதல் மழையைப் போகவிட்டுப் பிடித்த மழைநீர் இதற்கு மேல்.

இது மீனோடு முடிகிற விடயமும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில். அவர்களும் இங்கே ஏற்கெனவே இருந்தவர்களும் கிணறுகளையே நம்பி வாழ்ந்தார்கள். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். கண்ணாடியின் பச்சை நிறம் கிணற்றுக்குச் சான்றாகாது. ஆனால் கிணற்றுநீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கொடுத்துப் பரிசோதிக்க அது போதுமான காரணம்.

கடல்நீரை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். திறந்த கடலின் உப்பு லீற்றருக்குச் சுமார் 35 கிராம். புத்தளம் களப்பில் வறட்சிக் காலத்தில் அது கடலையும் மிஞ்சும். களப்பு நீரை அளக்காமல் ஊற்றக்கூடாது. மின்நிலையத்தின் சுடுநீர் வெளியேறும் பக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கலங்கியிருக்கும் நாட்களில் எடுக்க வேண்டாம். எடுத்த நீரை மூடிய பாத்திரத்தில், இருட்டில் ஒரு வாரம் வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரைப் பாவிக்கலாம்.

இனித் துடைப்பது. முன்கண்ணாடியை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடைத்தால் போதும். பின்கண்ணாடியை மேய்கிற ஊரிகளுக்கும் நத்தைகளுக்கும் விட்டுவிடுங்கள். சவர்க்காரம் படாத துணியோ, பழைய பிளாஸ்டிக் அட்டையோ போதும். கண்ணாடிக்குச் சவர அலகு பாவிக்கலாம்; அக்கிரிலிக் தொட்டியில் அது கீறிவிடும். மணலுக்கு அருகே துடைக்கும்போது ஒரு மணி ஒட்டினாலும் கண்ணாடியில் கோடு விழும், அது மாறாது. வாரத்துக்கு நூற்றுக்கு 10 வீதம் நீர் மாற்றி, வடிகட்டியின் பஞ்சை அந்தக் கழிவுநீரிலேயே அலசுங்கள்.

சில மாதத்தில் கல்லிலும் கண்ணாடி ஓரத்திலும் இளஞ்சிவப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராத புள்ளிகள் தோன்றலாம். அது சுண்ணப்பாசி, தொட்டி நிலைபெற்று வருகிறது. முன்கண்ணாடியில் வந்தால் மட்டும் சுரண்டுங்கள். அந்த நிறத்துக்காகக் கடலிலிருந்து உயிருள்ள பவளத்தை உடைத்து வருவது இலங்கையில் சட்டவிரோதம்.